ஸ்டோரிலைனா, ஹெச்5பியா? 140 ஸ்லைடை ஆன்லைன் கோர்ஸாக மாற்ற எது நல்லது?

கேள்வி (மார்ச் 2)

வாடிக்கையாளர்கள் திருப்பித் தரும் பொருள்களைச் சரிபார்த்து வாங்கும் பிரிவில் பயிற்சி என் பொறுப்பு. இதுவரை நேர் வகுப்புதான். இனி ஆன்லைனில் வேண்டுமாம். கையில் 140 ஸ்லைடு உள்ள பவர்பாயின்ட் இருக்கிறது. எல்எம்எஸ் (பாடங்களை ஏற்றி, யார் முடித்தார்கள் என்று பதியும் தளம்), மூடுல். கோர்ஸ் செய்யும் மென்பொருளுக்கு ஸ்டோரிலைன், கேப்டிவேட், ஐஸ்பிரிங், ஹெச்5பி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது? இரண்டு மாதம் அவகாசம். நான் புரோகிராமர் இல்லை.

மார்ச் 2, இரவு

ஐஸ்பிரிங். பவர்பாயின்டுக்குள்ளேயே ஒரு டேபாக உட்கார்ந்துகொள்ளும். பப்ளிஷ் அழுத்தினால் ஸ்கார்ம் என்ற பொது வடிவத்தில் ஒரு ஜிப் வரும், மூடுலில் ஏற்றிவிடலாம். இரண்டு மாதம் எதற்கு, இரண்டு நாள் போதும். 140 ஸ்லைடும் அப்படியே ஆன்லைனுக்கு வந்துவிடும்.

சிக்கலும் அதுதான். காலையில் எழுதுகிறேன்.

மார்ச் 3, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் போட்ட பதில். ஐஸ்பிரிங்கைக் குறை சொல்ல வரவில்லை, அது சொன்ன வேலையைச் செய்யும். ஆனால் நேர் வகுப்பில் ஸ்லைடு என்பது வகுப்பெடுப்பவருக்கான பிடிமானம். அவர் அதைப் பார்த்து நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்வார், முன்வரிசைக்காரரைக் கேள்வி கேட்பார், யாருக்கோ புரியவில்லை என்று முகத்திலேயே கண்டுபிடித்து மறுபடி சொல்வார். அவரை எடுத்துவிட்டு ஸ்லைடை மட்டும் ஏற்றினால் மிஞ்சுவது புள்ளி வைத்த வரிகளும் ஒரு நெக்ஸ்ட் பட்டனும்தான்.

என் முதல் கோர்ஸ் அப்படித்தான் பிறந்தது. 90 ஸ்லைடு, பின்னணிக் குரல், கடைசியில் 10 கேள்வி. எல்லோரும் முடித்தார்கள். ரிப்போர்ட்டில் வரிசையாகப் பச்சை டிக். மேலாளர் பாராட்டி மெயில் அனுப்பினார். அடுத்த மாதம் வேலையில் நடந்த தவறுகளின் பட்டியலைப் பார்த்தேன். முந்தைய மாதத்துப் பட்டியலுக்குத் தேதியை மட்டும் மாற்றிவிட்டார்களோ என்று சந்தேகம் வந்தது.

அதனால் மென்பொருளை ஒரு வாரம் மறந்துவிடுங்கள். அந்தப் பிரிவின் சூப்பர்வைசரிடம் ஒரே ஒரு கேள்வி: "புதிதாக வருபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?" அவர்களுக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எல்லாமே தெரிய வேண்டும் என்பார், 140 ஸ்லைடு 180 ஆகும்.

மார்ச் 3, மதியம்

பச்சை டிக் பற்றி இன்னொன்று. பயிற்சியை நான்கு படிகளில் அளக்க வேண்டும் என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற ஆய்வாளர் 1959இலேயே எழுதிவிட்டார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்வது மாறியதா, அதனால் பலன் கிடைத்ததா. நான் அளந்தது இந்த நான்கில் எதுவும் இல்லை. திறந்தார்களா, மூடினார்களா என்பதை அளந்தேன். கதவுக்குக்கூட அந்த ரிப்போர்ட் எடுக்கலாம்.

மார்ச் 5

கேட்டவர் சூப்பர்வைசரிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார். மூன்று சறுக்கல்களாம். ஒன்று, சீரியல் எண்ணைப் பெட்டியில் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் பொருளில் பார்க்காமல் விடுவது. இரண்டு, திருப்பித் தரும் கெடுவை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதில் குழப்பம். மூன்று, காரணக் குறியீடு: வரும்போதே உடைந்திருந்ததா, பயன்படுத்தி உடைத்தார்களா என்பதைப் பிரித்துப் பார்க்காமல், பட்டியலில் முதலில் இருக்கும் குறியீட்டையே தட்டிவிடுவது.

140 ஸ்லைடில் இந்த மூன்றையும் தொடுபவை ஏழு! மற்றதெல்லாம் விதிமுறை வாசகம், அறிமுகம், நிறுவன அமைப்புப் படம். "அந்த 133ஐ என்ன செய்வது?" என்று கேட்கிறார். விதிமுறையை ஒரு பிடிஎஃப் ஆக்கித் தேடும்படி வையுங்கள். காரணக் குறியீடுகளை ஒரே பக்கத்தில் அச்சடித்து, கவுன்டரில் கண்ணெதிரே ஒட்டுங்கள். பார்த்துச் செய்யக்கூடியதை மனப்பாடம் செய்யவைக்க வேண்டியதில்லை. நிறுவன அமைப்புப் படத்தை அதை வரைந்தவருக்கே அன்பளிப்பாகத் திருப்பித் தாருங்கள்.

மார்ச் 6

இப்போதும் மென்பொருளுக்கு வரவில்லை, பொறுமை. அவருடைய பழைய தேர்விலிருந்து ஒரு கேள்வியை ஒட்டியிருந்தார்:

"சீரியல் எண் சரிபார்ப்பின் நோக்கம் என்ன? (அ) நேரம் கடத்த (ஆ) பெட்டியை அழகாக வைக்க (இ) திரும்பி வந்த பொருளும் விற்ற பொருளும் ஒன்றே என்பதை உறுதிசெய்து தவறான பணத் திருப்பலைத் தவிர்க்க (ஈ) எதுவும் இல்லை."

கோர்ஸைத் திறக்காதவர்கூட இ என்பார். நீளமாக இருப்பதே விடை. சிரிக்காதீர்கள், உங்கள் தேர்விலும் ஒரு முறை பாருங்கள். என் பழைய 10 கேள்வியில் ஏழுக்கு நீளமான வரிதான் விடை.

இதையே இப்படி மாற்றிப் பார்ப்போம். கவுன்டரில் வரிசை நிற்கிறது. ஒருவர் ஹெட்ஃபோன் பெட்டியை வைக்கிறார். பெட்டி முன்பே பிரிக்கப்பட்டது. பெட்டியில் உள்ள எண் ரசீதோடு பொருந்துகிறது. "கொஞ்சம் சீக்கிரம், வண்டிக்கு நேரமாச்சு" என்கிறார். அடுத்து நீங்கள் செய்வது: பணத் திருப்பல் திரையைத் திறப்பதா? ஹெட்ஃபோனில் எண்ணைப் பார்ப்பதா? சூப்பர்வைசரைக் கூப்பிடுவதா?

மூன்றும் ஏறக்குறைய ஒரே நீளம், மூன்றும் நிஜத்தில் யாராவது செய்கிற காரியம். முதல் விடையைத் தட்டியவருக்குச் சிவப்பில் "தவறு" என்று காட்ட வேண்டாம். பணம் போகட்டும், வாடிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டுப் போகட்டும். அடுத்த திரையில் இரண்டு நாள் கழித்து கிடங்கில் பெட்டியைப் பிரிக்கிறார்கள். உள்ளே வேறு எண்ணில் ஒரு பழைய ஹெட்ஃபோன். அவ்வளவு போதும், உபதேசம் வேண்டாம். சூப்பர்வைசரைக் கூப்பிட்டவருக்கு அவர் வந்து, "உள்ளே எண்ணைப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டால் சரி.

மார்ச் 6, இரவு

ஒருவர் கேட்டிருக்கிறார்: "முதலில் சொல்லிக்கொடுக்காமல் கேள்வி கேட்பது நியாயமா?" தேர்வு என்றால் அநியாயம். இது பயிற்சி, மதிப்பெண் எதுவும் குறையாது. உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேவும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நம் ஆட்கள் கவுன்டரில் நிற்கப்போவது ஐந்து நிமிடம் கழித்து இல்லை.

(சேர்ப்பு: அந்த மாணவர்கள் முதலில் ஒரு முறை படித்தார்கள், அப்புறம்தான் எழுதிப் பார்த்தார்கள். ஆகவே கேட்டவரின் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஒன்றுமே தெரியாத புது ஆளுக்கு ஒரு நிமிட விளக்கத்தை முன்னால் வைத்துவிடலாம். நான் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டேன்.)

மார்ச் 9

சரி, மென்பொருள். நான் தொட்டுப் பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஸ்டோரிலைன் வசதியானது. ட்ரிகர் (சொடுக்கினால் நடக்க வேண்டியது), வேரியபிள் (விடையை நினைவில் வைப்பது), லேயர் (ஸ்லைடின் மேல் தோன்றும் அடுக்கு) என்று வைத்துக்கொண்டு ஏறக்குறைய எதையும் செய்யலாம். விண்டோஸில்தான் ஓடும். ஸ்லைடு அளவு நிலையானது, கைபேசியில் மொத்தமாகச் சுருங்கி வரும், எழுத்து எறும்பாகிவிடும். அதே நிறுவனத்தின் ரைஸ் பிரவுசரில் ஓடும், திரைக்கேற்ப வரிகளை மடக்கிக் கொடுக்கும், பழகுவது சுலபம். ஆனால் அது தரும் கட்டங்களுக்குள்தான் நீங்கள் யோசிக்க முடியும். இரண்டும் சந்தா. சந்தா நின்றாலும் பப்ளிஷ் செய்த ஜிப் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே திருத்தத்தான் முடியாது.

கேப்டிவேட், ஒரு கணினித் திரையில் எதை எங்கே சொடுக்க வேண்டும் என்று பழக்குவதற்கு நான் பயன்படுத்தியது. அதன் முன்னோர் ரோபோடெமோ பிறந்ததே அதற்காகத்தான். உங்கள் வேலை பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பது, அதனால் இங்கே இது வேண்டாம்.

ஹெச்5பி திறந்த மூல மென்பொருள், மூடுல் 3.9 முதல் தனிச் செயல்பாடாகவே உள்ளே இருக்கிறது. "பிராஞ்சிங் சினாரியோ" (விடைக்கேற்பக் கிளை பிரியும் கதை) என்ற வகையில் மேலே சொன்ன ஹெட்ஃபோன் கதையை அப்படியே கட்டலாம். அழகு சுமார்தான்.

என் முதல் பதிலை இங்கே வாபஸ் வாங்குகிறேன். உங்களுக்கு ஹெச்5பி போதும். விலைக்காக இதைச் சொல்லவில்லை. கோர்ஸ் மூடுலில் மட்டும்தான் ஓடப்போகிறது என்றால் ஸ்கார்மே எதற்கு? இந்த எல்எம்எஸ்ஸில் செய்ததை அந்த எல்எம்எஸ்ஸிலும் ஓட்டுவதற்காக வந்த பொது மொழி அது. 1.2 பதிப்பு 2001இல் வந்தது, இன்றும் அதிகம் ஓடுவது அதுதான். மூடுலும் 1.2க்குத்தான் முழு ஆதரவு தருகிறது. வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்குப் பாஸ்போர்ட் எடுப்பானேன்? இன்னொன்று, ஸ்கார்ம் ஜிப் மூடியே இருக்கும். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தக்கூட மூலத்தை (கோர்ஸைச் செய்த அசல் ஃபைலை) திறந்து, பப்ளிஷ் செய்து, மறுபடி ஏற்ற வேண்டும். மூடுலின் சொந்த குவிஸ் என்றால் அங்கேயே திருத்தலாம், எந்தக் கேள்வியில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்றும் தனித்தனியாகக் காட்டும்.

மார்ச் 10

ஸ்கார்மே வேண்டாம் என்று நான் ஒரேயடியாகச் சொல்வதாக இரண்டு பேர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். பல எல்எம்எஸ்களுக்குப் பாடம் விற்பவர்களுக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. அப்படி வேண்டியவர்களுக்கு நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பாடு: எல்எம்எஸ் "செல்லாத பேக்கேஜ்" என்றது. ஒரு முழு மாலை போனது. ஸ்கார்ம் ஜிப்பைத் திறந்தவுடன் ஐஎம்எஸ்மேனிஃபெஸ்ட் என்ற எக்ஸ்எம்எல் ஃபைல் (உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல்) வாசலிலேயே நிற்க வேண்டும். நான் ஒரு படத்தை மாற்றுவதற்காக ஜிப்பைப் பிரித்து, மாற்றிவிட்டு, ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து மறுபடி ஜிப் ஆக்கியிருந்தேன். மேனிஃபெஸ்ட் ஒரு ஃபோல்டர் உள்ளே தள்ளிப் போய்விட்டது. உள்ளே போய் எல்லா ஃபைலையும் தேர்ந்தெடுத்து ஜிப் செய்ததும் ஏறிவிட்டது.

இரண்டாவது பாடுதான் மோசமானது. பெரிய கோர்ஸ். பாதியில் மூடிவிட்டு மறுநாள் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். முதல் 30, 40 திரை வரை தொடர்ந்தது. அதற்கு மேல் போனவர்களுக்கு மட்டும் பழைய இடத்திலேயே திறந்தது. "நான் முடித்தேன், காட்டவில்லை" என்று மெயில் மேல் மெயில். நான் அவர்களைத்தான் சந்தேகித்தேன், அந்தக் குற்ற உணர்வு இன்னும் இருக்கிறது. விட்ட இடம், கொடுத்த விடை எல்லாவற்றையும் "சஸ்பெண்ட் டேட்டா" என்ற ஒரே பெட்டியில்தான் திணிக்கிறார்கள். 1.2இல் அதன் கொள்ளளவு 4000 எழுத்து. நிரம்பியதும் புதிதாக எதுவும் சேரவில்லை. ஒரு கோர்ஸை நான்காக வெட்டினேன், தீர்ந்தது.

மார்ச் 10, சற்று நேரத்தில்

திருத்தம்: 1.2இல் 4096. 4000 என்பது ஸ்கார்ம் 2004இன் ஆரம்பப் பதிப்புகளில். அதன் மூன்றாம் பதிப்பில் 64,000 ஆக்கினார்கள். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, "எழுத்தைக்கூட எண்ணத் தெரியாதவர்" என்ற பட்டம் இல்லாமலும் சொல்லியிருக்கலாம். மூடுலில் ஸ்கார்ம் விதிகளைக் கறாராகப் பின்பற்றும் அமைப்பை நிர்வாகி அணைத்துவிட்டால் அந்த வரம்பும் தளரும். ஆனாலும் வெட்டியது நல்லதாகப் போயிற்று, யாரும் ஒரே உட்காரலில் அத்தனை திரையைத் தாங்கியதில்லை.

மார்ச் 12

எக்ஸ்ஏபிஐ பற்றிக் கேட்டவருக்கு: ஸ்கார்முக்குப் பின் வந்த பதிவு முறை அது. யார், என்ன செய்தார், எதன்மேல் என்று வாக்கியம் வாக்கியமாகப் பதிந்து வைக்கும். 2013இலேயே 1.0 வந்துவிட்டது. அந்தப் பதிவுகளை வைத்து என்ன முடிவெடுப்பீர்கள் என்று சொல்ல முடிந்தால் போடுங்கள். எனக்குச் சொல்ல முடியவில்லை, போடவில்லை.

மார்ச் 14

பின்னணிக் குரல். கேட்டவர் ஒலிப்பதிவுக்கு ஆள் தேடுகிறார் என்பதால் இதை அவசரமாக எழுதுகிறேன்.

திரையில் உள்ள வாக்கியத்தைக் குரல் வரிக்கு வரி வாசிப்பதுதான் எல்லோரும் செய்வது. நானும் செய்தேன். கண் படித்து முடித்திருக்கும், குரல் பாதியில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே பாடத்தைத் தவறவிடுவோம். ரிச்சர்ட் மேயர் பல்லூடகக் கற்றல் சோதனைகளிலிருந்து வகுத்த கோட்பாடுகளில் இதுவும் ஒன்று: படத்தை விளக்குவதற்குக் குரல் போதும், அதே சொற்களை எழுத்திலும் கொட்டினால் சுமைதான் கூடும். ஆகவே ஹெட்ஃபோனில் எண் எங்கே அச்சாகியிருக்கிறது என்று காட்டும்போது படமும் குரலும் வையுங்கள். விதி வாசகம் என்றால் எழுத்து மட்டும்.

காது கேளாதவர்களுக்கு? சப்டைட்டில், வேண்டியவர் போட்டுக்கொள்ளும்படி. சப்டைட்டிலுக்கான வெப்விடிடி ஃபைல் வெறும் உரைதான், நேரமும் வரியும், நோட்பேடிலேயே திருத்தலாம். அப்படியே எழுத்தின் நிறத்தையும் பாருங்கள். எல்லோரும் பயன்படுத்த ஏற்ற இணையப் பக்கங்களுக்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கேட்கும் வேறுபாடு 4.5:1. வெளிர் சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து என்பது வடிவமைப்பாளருக்கு மட்டும் தெரியும் அழகு.

ஒலிப்பதிவு செய்வதானால் ஒவ்வொரு திரைக்கும் தனி ஃபைல். நான் 20 நிமிடத்தை ஒரே மூச்சில் பதிந்தேன். பின்னால் ஒரு விதி மாறியது. 7 நாள் என்பது 10 நாள். அந்த ஒரு சொல்லைப் பேச அதே ஆளைத் தேடினேன். அவருக்கு ஜலதோஷம்.

மார்ச் 15

அந்த "7 நாள்" விஷயத்தால் தூக்கம் போனது. மாறக்கூடிய எண் எதையும் குரலில் சொல்லவே சொல்லாதீர்கள். திரையில் எழுதுங்கள், "இங்கே உள்ள கெடு" என்று குரல் போகட்டும்.

மார்ச் 18

நெக்ஸ்ட் பட்டனைப் பூட்டி வைப்பது பற்றிக் கேட்டார். குரல் முடியும் வரை நகர விடாத அமைப்பு. நான் மூன்று வருடம் பூட்டினேன். பின் ஒருநாள் இரவுப் பணியில் இருந்த ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்வதைப் பார்த்தேன். ஒலியை அணைத்தார். கோர்ஸ் ஜன்னலை ஓரமாக இழுத்து வைத்தார். தன் வேலையைத் தொடர்ந்தார். பட்டன் நீலமானதும் பார்க்காமலே ஒரு கிளிக். 40 நிமிடத்தில் அவர் திரையைப் படித்தது எனக்குத் தெரிந்து இரண்டு முறை, இரண்டும் கேள்வி வந்தபோது. நான் பூட்டியது பட்டனை, அவர் கவனம் எப்போதோ கிளம்பிப் போய்விட்டது. அன்றைக்கு ராத்திரியே பூட்டை எடுத்தேன்.

சட்டப்படி இத்தனை நிமிடம் இருந்தாக வேண்டும் என்ற பயிற்சிகள் இருக்கின்றன, அங்கே வேறு வழியில்லை.

மார்ச் 19

வீடியோ எவ்வளவு நீளம்? எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வைகளை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்வை நேரத்தின் இடைநிலை அளவு (மீடியன்) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. எல்லோரும் இதை "6 நிமிட விதி" ஆக்கிவிட்டார்கள். விருப்பப்பட்டு வந்து படித்தவர்களின் கணக்கு அது, நம்மவர்கள் வேலையின் பகுதியாக வருபவர்கள். அதனால் இதை விதியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சீரியல் எண் எங்கே இருக்கிறது என்று காட்ட 40 வினாடி போதும், அதை 6 நிமிடமாக இழுக்காதீர்கள் என்பதே என் கவலை.

மார்ச் 24

கேட்டவர் மாதிரி அனுப்பியிருந்தார். நான்கு கதை, கடைசியில் மூடுல் குவிஸ். நன்றாக இருக்கிறது. இரண்டு குறை. மூன்றாவது கதையில் வாடிக்கையாளர் வில்லன்போல் பேசுகிறார். அப்படிப் பேசினால் யாருக்கும் சந்தேகம் வந்துவிடும். நிஜத்தில் ஏமாற்றுபவர் ரொம்பத் தன்மையாகப் பேசுவார். இன்னொன்று, விடைப் பட்டன்களில் தமிழ் வரி வெளியே வழிகிறது. ஆங்கிலச் சொல்லை அளந்து செய்த பெட்டி. வரியைச் சுருக்குங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள்.

மூலத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "என் லேப்டாப்பில்." பிடித்துக்கொண்டேன். பழைய பாடங்களை பிரவுசரில் ஓட்டிய ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31உடன் நின்றபோது எங்களிடம் ஓடிக்கொண்டிருந்த பதினோரு பாடங்களில் எட்டுக்கு மூலம் இல்லை. செய்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார், அவர் லேப்டாப் யாருக்கோ போயிருந்தது. எட்டையும் திரையைப் பார்த்துப் பார்த்து மறுபடி தட்டினோம். ஹெச்5பி ஃபைல்களை இறக்கி, படங்களோடும் கதையின் எழுத்து வடிவத்தோடும், இன்னொருவரும் திறக்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

மார்ச் 25

மாதிரியை யாருக்குக் காட்டுவது என்றார். மேலாளருக்கு அப்புறம். முதலில் சேர்ந்து ஒரு மாதமான இரண்டு பேர். பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். "அங்கே அழுத்துங்க" என்று நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 2

உட்கார்ந்து பார்த்தாராம். இருவரும் ஹெட்ஃபோன் கதையில் முதல் விடையைத் தட்டி, கிடங்குத் திரை வந்ததும் "அய்யோ" என்றார்களாம். இரண்டாவது ஆள் திரும்பிப் போய் வேறு விடையையும் தட்டிப் பார்த்தாராம். யாரும் சொல்லாமலே!

ஏப்ரல் 4

கடைசி நேரச் சிக்கல்: இருவரும் நான்கு கதையையும் முடித்தும் மூடுலில் "நிறைவு" விழவில்லை. ஸ்கிரீன்ஷாட் பார்த்தேன். நிறைவுக்கான நிபந்தனை மதிப்பெண் கிடைப்பது என்று இருக்கிறது, ஆனால் பிராஞ்சிங் சினாரியோவின் ஸ்கோர் பகுதியில் "ஸ்கோர் இல்லை" தேர்வாகியிருக்கிறது. மதிப்பெண்ணே போகாதபோது டிக் எங்கிருந்து விழும்? ஒவ்வொரு முடிவுத் திரைக்கும் ஒரு ஸ்கோர் கொடுங்கள். எல்லா முடிவுக்கும் ஒரே ஸ்கோர் கொடுத்தாலும் தப்பில்லை, திறமையை அளக்கத்தான் தனியாகக் குவிஸ் இருக்கிறதே. மாற்றிவிட்டு மாணவர் கணக்கில் நுழைந்து சோதியுங்கள், உங்கள் நிர்வாகக் கணக்கில் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

ஏப்ரல் 4, இரவு

விழுந்துவிட்டதாம். தவறுகளின் பட்டியலை ஜூனில் எடுத்து இங்கே போடுவதாகச் சொல்லியிருக்கிறார். இழையை மூடாமல் வைக்கிறேன்.